பாட்டியும் பேரனும் நடுவில் ஆங்கிலமும்

வாசகர்களே, முதலில் ஒரு சிறு கேள்வி. நேற்று இரவு உங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது எந்த மொழியில் பேசிக்கொண்டீர்கள்? "இதென்ன கேள்வி, தமிழ்தான்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளிடம் நீங்கள் எதில் பேசினீர்கள், அவர்கள் எதில் பதில் சொன்னார்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதற்குள் என் அக்காள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

அக்காள் ஜொகூரில், குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். பதினான்கு வயதில் பால் வெட்டப் போனவள். கல்யாணம் ஆகிச் சிங்கப்பூருக்குப் போனாள். அங்கேயே பிள்ளை பெற்று, பேரனையும் பார்த்தாள். 2004ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறையில் நான் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனுக்கு அப்போது எட்டு வயது. தமிழ்ப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தான். "சின்னப் பாட்டிக்குக் காட்டு" என்று மருமகள் தாளைக் கொண்டுவரச் சொன்னாள். குண்டு குண்டாக அழகான எழுத்து. எனக்கு மனம் நிறைந்துபோயிற்று.

பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். மீன்குழம்பு கொஞ்சம் காரம். பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, நான் வந்திருக்கிறேன் என்பதற்காகவோ என்னவோ, தமிழில் கேட்டான்:

"பாட்டி, எனக்குக் குடிப்பதற்குத் தண்ணீர் வேண்டும்."

அக்காள் 'கொல்'லென்று சிரித்துவிட்டாள். "என்னடா இது, ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி!" என்றாள். மகனும் மருமகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தையின் முகம் சுருங்கிப்போனதை இப்போது நினைத்தாலும் என்னவோ செய்கிறது. அவன் அம்மா பக்கம் திரும்பி, "மம்மி, வாட்டர்" என்றான். அதற்குப் பிறகு நான் ஊர் திரும்பும் வரையில் அவன் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தையும் வரவில்லை. பாட்டி தமிழில் கேட்பாள், பேரன் ஆங்கிலத்தில் சொல்வான், நடுவில் மருமகள் இரண்டு பக்கமும் விளக்கிக்கொண்டிருப்பாள்.

ஆங்கிலம் உலகமெல்லாம் பரவிவிட்டது, நம் மொழிகளை விழுங்குகிறது என்று மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறோம். அது எங்கே, எப்படி விழுங்குகிறது என்று பார்க்க வேண்டுமானால் அந்தச் சாப்பாட்டு மேசைக்குத்தான் போக வேண்டும்.

அக்காள் வீட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஏன் என்று கேளுங்கள். நம் பெரியவர்கள் காலத்துத் தோட்டத்தில் ஆங்கிலம் யாரிடம் இருந்தது? துரையிடம் இருந்தது. அடுத்து, கிராணியிடம் இருந்தது. கிராணிக்குத் தனி வீடு, சைக்கிள், வெள்ளைச் சட்டை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் சில வருடம் படித்த பிள்ளைக்கு அதற்கு மேல் ஏறப் படி இல்லை. மறுபடி பால் வாளிதான். ஆங்கிலப் பள்ளியோ பட்டணத்தில், சம்பளம் கட்டிப் படிக்கும் இடம். பினாங்கில் 1816லும் சிங்கப்பூரில் 1823லும் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிகள் நம் லயத்துப் பிள்ளைகளுக்காகவா கட்டப்பட்டன? ஆகவே நம்மவர்களுக்கு ஆங்கிலம் என்பது வெட்டுக் கத்தியைக் கீழே போட ஒரு வழி. தன் மகனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற கேள்வி வந்தபோது அக்காள் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. "நான் பட்டது போதும்" என்றாள். அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் அவள் மட்டுமா அப்படிச் செய்தாள்? 1965இல் தனி நாடானபோது மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கும் அங்கே ஆட்சிமொழிகள். நான்கு மொழியிலும் பள்ளிகள் இருந்தன. யாரும் பிரம்பெடுத்து விரட்டவில்லை. பெற்றோர்களே ஆண்டுக்கு ஆண்டு ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போய் வரிசையில் நின்றார்கள். துறைமுகமும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் கேட்ட மொழி அது. மேலும் அது மூன்று இனத்தில் எவருக்கும் சொந்தமில்லாத மொழி. ஆகவே எவருக்கும் வருத்தமில்லை. தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்து, கடைசியாக எஞ்சியிருந்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987இலிருந்து எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்று மொழி. தாய்மொழி ஒரு பாடம்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தப் பாடத்தை அவர்கள் ஏனோதானோ என்று வைக்கவில்லை. பரீட்சையில் அது கட்டாயம். பண நோட்டில் தமிழ் இருக்கிறது. பாராளுமன்றத்தில் தமிழில் பேசலாம். நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி எல்லாம் உண்டு. தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வெளியே தமிழுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த அரசாங்கம் வேறொன்று எனக்குத் தெரியாது.

அப்படியிருந்தும் நடந்தது என்ன? மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூர் இந்தியர்களில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2000ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 43 பேர். 2010இல் 37 பேர். 2020இல் 27 பேர். ஆங்கிலம் பேசுவோரோ 2020இல் நூற்றுக்கு 59. இந்தக் கணக்கில் மலையாளிகள், பஞ்சாபியர், வடநாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் எல்லோரும் அடக்கம் என்பதையும், ஆங்கிலம் என்று சொன்னவர்களில் பலர் இரண்டாவதாகத் தாய்மொழியும் பேசுகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எப்படிக் கழித்துப் பார்த்தாலும் சரிவு சரிவுதான்.

'நாம் சிறு கூட்டம், அதனால்தான்' என்று நினைக்கிறீர்களா? மலாய்க்காரர்களைப் பாருங்கள். அது அந்த நாட்டின் தேசிய மொழி. சுற்றிலும் மலாய் பேசும் நாடுகள். அவர்களில் வீட்டில் அதிகமாக மலாய் பேசுவோர் 2010இல் நூற்றுக்கு 83 பேராக இருந்து, பத்தே ஆண்டில் 61 ஆகிவிட்டார்கள்.

சீனர்கள் கதை இன்னும் பரிதாபம். அந்தக் காலத்துப் பசாரில் மீன் வாங்கப் போனால் உங்கள் காதில் விழுந்தது ஹொக்கியனும் தியோச்சியூவும் கண்டோனீஸும்தானே? நம் பெண்களே பேரம் பேசும் அளவுக்கு ஹொக்கியன் வைத்திருந்தார்கள். 1979இல் அரசாங்கம் 'மாண்டரின் பேசுங்கள்' இயக்கத்தைத் தொடங்கியது. ஆங்கிலமும் படித்து, வீட்டில் ஒன்றும் பள்ளியில் இன்னொன்றுமாக இரண்டு சீனமும் பிள்ளை சுமக்க முடியாது என்பது அதற்குச் சொன்ன காரணம். 1980களின் தொடக்கத்தில் வானொலி, தொலைக்காட்சியிலிருந்து ஹொக்கியனும் கண்டோனீஸும் ஏறத்தாழ மறைந்தன. பாட்டிகள் ஒரே இரவில் ஊமையானார்கள் என்றே சொல்லலாம். வழிவிட்ட இடத்தில் மாண்டரின் உட்கார்ந்தது. ஆனால் நிலைத்து உட்கார்ந்ததா? 2020இல் சீனர் வீடுகளில் ஆங்கிலம் நூற்றுக்கு 48, மாண்டரின் 40, மற்றச் சீன மொழிகள் எல்லாம் சேர்த்து 12. 2016இல் முதியவர்களுக்கு அரசாங்க உதவிகளை எடுத்துச் சொல்வதற்காக ஹொக்கியனில் ஒரு தொலைக்காட்சித் தொடரே எடுக்க வேண்டி வந்தது.

இப்போது கடலுக்கு இந்தப் பக்கம் வருவோம். நம் நாட்டில் தமிழ் ஆட்சிமொழி இல்லை, நோட்டிலும் இல்லை. சுதந்திரம் அடைந்தபோது எண்ணூற்றுக்கு மேல் இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால் மரம் போய்ச் செம்பனை வந்தது, சனம் பட்டணத்துக் குடிசைகளுக்கும் பிறகு அடுக்குமாடிகளுக்கும் போயிற்று. 2003இல் கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தச் சொன்னார்கள். நம் தமிழ்ப் பள்ளி வாத்தியார்கள், தாங்கள் தமிழில் கற்றதை ஆங்கிலத்தில் சொல்லித்தர முதலில் தாங்கள் பயிற்சிக்குப் போனார்கள். 2009இல் அதைக் கைவிடப்போவதாக அறிவித்து, 2012இலிருந்து படிப்படியாகப் பழையபடி திருப்பினார்கள். நடுவில் படித்த பிள்ளைகளுக்கு 'ஒளிச்சேர்க்கை' என்றால் திருதிரு என்று விழிப்பு.

இத்தனைக்குப் பிறகும் நம் ஊரில் தமிழ்ப் பிள்ளைகள் சண்டை போடுவது தமிழில்தான். கோபத்தில் எந்த மொழி வருகிறதோ அதுதான் வீட்டு மொழி. ஆட்சியில் இருக்கும் இடத்தில் தேய்வதும், ஆட்சியில் இல்லாத இடத்தில் தாங்கி நிற்பதும் ஏன்?

என் யோசனையைச் சொல்கிறேன். சிலர் தமிழில் ஆங்கிலச் சொல் கலக்கிறது என்று அலறுகிறார்கள். நான் அதற்கு அவ்வளவாகப் பயப்படுவதில்லை. 'லைன்' வந்து 'லயம்' ஆயிற்று, 'பரேடு' வந்து 'பெரட்டு' ஆயிற்று. அதனால் தோட்டத்தில் தமிழ் செத்தா போயிற்று? அடுப்படிக்கு வந்த சொல்லை நம் பாட்டிகள் கழுவித் துடைத்து நம் சொல்லாக்கிவிட்டார்கள். சொல் வருவது வேறு, வேலையைப் பறிகொடுப்பது வேறு. அதட்ட, கொஞ்ச, பொய் சொல்ல, கோள் மூட்ட, ரகசியம் பேச ஒரு மொழி தேவைப்படாமல் போய், பரீட்சைக்கு மட்டும் தேவைப்படும்போதுதான் ஆபத்து. அக்காள் பேரனுக்குத் தமிழ் தெரியாமல் இல்லையே! பள்ளி கொடுத்த எழுத்துத் தமிழ் இருந்தது. 'தண்ணி குடு பாட்டி' என்னும் தமிழைத்தான் யாரும் கொடுக்கவில்லை. பள்ளி கொடுக்கவில்லை, அது நம் வேலை என்று பள்ளி நினைத்தது. வீடும் கொடுக்கவில்லை, அது பள்ளியின் வேலை என்று வீடு நினைத்தது.

நான் சொல்வது கற்பனையல்ல. அந்தச் சாப்பாட்டு மேசைக்கு அடுத்த ஆண்டு, 2005இல், சிங்கப்பூரில் தமிழ்ப் பாடத்தை மறுபடி ஆராய்ந்த குழு இதைத்தான் கண்டு சொன்னது: ஏட்டுத் தமிழோடு நிற்காமல், பேச்சுத் தமிழையும் வகுப்பில் பேசப் பழக்குங்கள் என்று. நல்ல தமிழ் கெட்டுவிடும் என்று சில பண்டிதர்களுக்கு வருத்தம். அவர்களும் வீட்டில் 'தண்ணி' என்றுதான் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நியூசிலாந்தின் மாவோரி மக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1867இல் வந்த சட்டம் அவர்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளியைக் கொண்டுவந்தது. பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக அடிபட்ட தலைமுறை, தன் பிள்ளைகளுக்கு அந்த அடி வேண்டாமென்று வீட்டிலும் ஆங்கிலம் பேசிற்று. மொழி கிழவர்களோடு போய்விடும் என்ற நிலையில், 1982இல் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பள்ளிக்குப் போகும் வயது வராத பச்சைப் பிள்ளைகளைக் கிழவிகளிடம் விட்டார்கள். விளையாட்டு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் மாவோரியில். அதற்கு 'மொழிக் கூடு' என்று பெயர். சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப் பள்ளி மூடப்பட்டதும் அதே 1982தான். மாவோரிக்கு ஆட்சிமொழித் தகுதி கிடைத்தது பிறகு, 1987இல். கூடு முதலில், சட்டம் பின்னால்.

இதைப் படித்தபோது எனக்கு எது நினைவு வந்தது தெரியுமா? நம் ஆயாக் கொட்டகை! விடியுமுன் பெரட்டுக்குப் போகிற அம்மாக்கள் பிள்ளைகளைத் துணியோடு சுருட்டிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்களே, அதுதான். அங்கே புளித்த பால் வாடையும் ஈயும் இருந்தன. அதை நான் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திட்டியும் தாலாட்டியும் கதை சொல்லியும் அந்த ஆயா வாய் ஓயாமல் பேசினாள். தோட்டத்துப் பிள்ளை பள்ளிக்கூட வாசலை மிதிக்குமுன்பே தமிழ் முழுசாக வாயில் இருந்தது. இன்று ஆயாவின் இடத்தில் கைத்தொலைபேசி இருக்கிறது. அதில் வரும் பாட்டும் பொம்மையும் ஆங்கிலம் பேசுகின்றன. சிங்கப்பூரில் மட்டுமல்ல, கிள்ளானிலும் ஈப்போவிலும்தான்.

அக்காளுக்கு இப்போது எண்பதுக்கு மேல். சென்ற ஆண்டு நோயாகி மருத்துவமனையில் கிடந்தாள். நான் போனபோது பேரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். படித்து, பட்டாளச் சேவை முடித்து, வேலையில் இருக்கிறான், வளர்ந்த பிள்ளை. மருமகள் கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். நடுவில் விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. அக்காள் உதட்டை நனைத்துக்கொண்டாள். அவன் அவளையே பார்த்தான். என்னையும் ஒருமுறை பார்த்தான். பிறகு குனிந்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துக் கேட்டான்:

"பாட்டி, உங்களுக்குக் குடிப்பதற்குத் தண்ணீர் வேண்டுமா?"

யாரும் சிரிக்கவில்லை. "குடுப்பா" என்றாள் அக்காள்.