சஸ்திர வைத்தியர்களுக்குத் தேசம் பட்ட கடன்

2020-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 19-ந் தேதி இரவு சென்னையில் நடந்ததைத் தமிழ் மக்கள் மறக்கலாகாது. டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் என்னும் மூளை ரண சிகிச்சை நிபுணர் கொரோனா நோயால் காலமானார். அவருடைய உடலைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்யவொட்டாமல் ஒரு கூட்டம் தடுத்தது. வேலங்காட்டுக்குக் கொண்டு போனார்கள். அங்கே கல்லும் கழியும் பறந்தன. உறவினர் ஓட, வண்டி ஓட்டியவர்கள் காயமுற்றனர். அவருடைய தோழரான ஓர் எலும்பு வைத்தியர் இரண்டு ஆஸ்பத்திரிச் சிப்பந்திகளுடன் மீண்டும் அங்கு வந்து, தாமே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். கத்தி பிடித்துப் பழகிய கை அன்று மண்வெட்டி பிடிக்க நேர்ந்தது.

இந்த இழிவு ஒரு சில மூடர்களுடைய செயலே என்று கூறி நாம் ஒதுங்கிவிட முடியாது. சஸ்திர வைத்தியர் அக்காலத்தில் என்ன செய்தார் என்பதை ஜனங்கள் அறியவில்லை. அறிவிக்க வேண்டியவர்கள் அறிவிக்கவுமில்லை. தொத்து ஜுரத்துக்கும் ரண சிகிச்சைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுங்கூடக் கேட்போர் உளர்.

சம்பந்தம் மிக நெருங்கியது. அந்தக் கிருமி வாசம் செய்யும் இடம் மூக்கு, தொண்டை, சுவாசக் குழல், நுரையீரல். காது மூக்குத் தொண்டை வைத்தியரும், முகத் தாடை வைத்தியரும், கண் வைத்தியரும் நோயாளியின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றே தொழில் செய்ய வேண்டியவர்கள். பல நாள் யந்திரத்தின் உதவியால் மூச்சு விடும் நோயாளிக்குக் கழுத்தில் துவாரமிட்டுக் குழல் பொருத்துகிறார்களே, அந்த க்ஷணத்தில் நுரையீரலின் காற்று நேரே வைத்தியர் முகத்தை நோக்கி வெளிப்படுகிறது. சீன தேசத்து வூஹான் நகரில் இந்நோயைக் குறித்துத் தம் சகாக்களுக்கு 2019 டிசம்பரிலேயே எச்சரிக்கை செய்து, அதற்காகப் போலீஸாரின் கண்டனத்துக்கு ஆளாகி, 2020 பிப்ரவரி 7-ந் தேதி அதே நோயால் மாண்ட லீ வென்லியாங் ஒரு கண் வைத்தியரே.

ஆபத்து வைத்தியருக்கு மட்டுமா? 2020-ஆம் வருஷம் ஜனவரி முதல் மார்ச்சு வரை 24 தேசங்களில் நோய் தொற்றிய நிலையில் சஸ்திர சிகிச்சை பெற்ற 1,128 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 268 பேர் முப்பது நாட்களுக்குள் இறந்தனர். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நுரையீரல் கெட்டது. ஆகவே அவசரமில்லாத சிகிச்சைகளை ஒத்தி வைத்தார்கள். நோய் உச்சத்திலிருக்கும் பன்னிரண்டு வாரங்களில் உலகெங்கும் 2 கோடியே 84 லட்சம் சிகிச்சைகள் நின்றுபோகும் என்று அப்பொழுது மதிப்பிட்டார்கள். அவற்றில் 23 லட்சம் புற்று நோய்க்கானவை. புற்று நோய் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. சிகிச்சை செய்தால் கிருமி கொல்லும். செய்யாவிட்டால் கட்டி கொல்லும். இவ்விரண்டில் எது சிறிய ஆபத்து என்பதை ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே நிறுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பாரத்தைச் சஸ்திர வைத்தியரே சுமந்தார். நியாயாதிபதியின் தீர்ப்புக்கு அப்பீல் உண்டு. இத்தீர்ப்புக்கு அப்பீல் ஏது?

சிகிச்சைக் கூடம் மூடியபின் அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. எலும்பு முறிவைச் சேர்ப்பவரும், கண்ணில் புரை நீக்குபவரும் கொரோனா வார்டுகளில் நின்று, பிராணவாயுவின் அளவு பார்த்து, நோயாளியைக் குப்புறப் படுக்கவைக்கும் ஊழியத்தையும் செய்தார்கள். பல வருஷம் பயின்ற வித்தையை ஒதுக்கிவைத்து, தமக்குப் பழக்கமில்லாத வேலையை இளைஞரோடு இளைஞராகக் கற்றுக்கொண்டார்கள். காற்றுப் புகாத கவச உடையில், வியர்வை வழிய, தாகத்துக்கு நீரும் அருந்தாமல் மணிக்கணக்கில் நின்றார்கள்.

2021-ல் இரண்டாவது அலை வந்தபோது அவர்களுடைய கத்திக்கே வேலை வந்தது. நீரிழிவு உள்ளவர்களையும், ஸ்டீராய்டு மருந்து மிகுதியாகப் பெற்றவர்களையும் கரும்பூஞ்சை பற்றியது. அது மூக்கில் தொடங்கி, முகத்து எலும்புகளின் அறைகளை அரித்து, கண்ணுக்கும் மூளைக்கும் ஏறுவது. ஆம்போடெரிசின் என்னும் மருந்துக்கோ பெரும் தட்டுப்பாடு. மருந்து கிடைத்தாலும் அது மட்டும் போதாது. அழுகிய சதையையும் எலும்பையும் வெட்டி எறிந்தாக வேண்டும். உயிரைக் காப்பாற்றக் கண்ணையே எடுக்க நேர்ந்ததும் உண்டு. அவ்வாண்டு ஜூலை மாதத்துக்குள் இந்தியாவில் 45,000-க்கு மேற்பட்டவர்களை இந்நோய் பிடித்தது. 4,300-க்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். எஞ்சியவர்களில் எத்தனையோ பேர் மூச்சோடிருப்பது அந்த வைத்தியர்களின் கைத்திறத்தாலேயாம்.

இத்தகையோருக்கு நாம் செய்த பிரதி என்ன? சட்டம் செய்தோம், அதை மறுக்கவில்லை. வேலங்காட்டுச் சம்பவத்தைச் சென்னை ஹைக்கோர்ட்டு தானே விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, கௌரவமான அடக்கம் பெறுவதும் அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்தில் அடங்கிய உரிமையே என்றது. மத்திய சர்க்கார் 1897-ஆம் வருஷத்துத் தொத்து நோய்ச் சட்டத்தைத் திருத்தி, வைத்திய ஊழியரைத் தாக்குவோருக்குக் கடுஞ்சிறை விதித்தது. அந்நியர் ஜனங்களை அடக்கச் செய்த சட்டம், நம் ஊழியரைக் காக்க உதவியது நன்றே.

ஆனால் மாண்டவர்களை எண்ணினோமா? 2020 செப்டம்பரில் பார்லிமெண்டில் கேட்டபோது, சுகாதாரம் மாகாணங்களின் விஷயமாதலால் மத்தியில் கணக்கு இல்லை என்றார் மந்திரி. உடனே இந்திய மருத்துவச் சங்கம் 382 வைத்தியர்களின் பட்டியலை வெளியிட்டது. 2021 பிப்ரவரியில் சர்க்கார் சொன்ன எண் 162. சங்கம் சொன்ன எண் 734. இவ்விரு எண்களுக்கும் இடையே நிற்பவர்கள் 572 பேர். அவர்கள் பிறக்கவில்லையா, படிக்கவில்லையா, நோயாளிகளைத் தொடவில்லையா? யுத்தத்தில் மாண்ட சிப்பாயின் பெயரைக் கல்லில் பொறிக்கும் தேசம், தொத்து நோயோடு போரிட்டு மாண்டவனைக் கணக்கில்கூடச் சேர்க்காதது தர்மமாகுமா?

நாம் வேண்டுவது பெரிதன்று. சர்க்கார் வைத்தியர், தனி வைத்தியர் என்ற பேதமின்றி, தாதிகளும் தோட்டிகளும் உட்பட, அக்காலத்தில் ஊழியம் செய்து மாண்ட ஒவ்வொருவர் பெயரும் ஜில்லாவாரியாகப் பதிவாக வேண்டும். அப்பதிவையே ஆதாரமாகக் கொண்டு குடும்பங்களுக்கு உதவிப் பணம் சேர வேண்டும். விதவைகள் கோர்ட்டுப் படியேறி நிரூபிக்கும் நிலை ஒழிய வேண்டும். சர்க்கார் செய்யும் வரை காத்திராமல், ஒவ்வொரு ஊரிலுமுள்ள தேசத் தொண்டர்கள் தங்கள் ஊரில் மாண்டவர்களின் பெயரையேனும் திரட்டலாம்.

அடுத்த தொத்து நோய் என்றேனும் வரத்தான் வரும். அன்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு வார்டுக்குள் நுழையும் வைத்தியர், தமக்கு முன் நுழைந்தவர்களைத் தேசம் எவ்விதம் நடத்தியது என்பதை நினைக்காமலிருப்பாரா? அவர் நினைவில் எழுவது கல்லெறியா, பெயர்ப் பதிவா என்பது நம் கையிலேயே இருக்கிறது.