இருப்பைப் பூவும் இலுப்பை விதையும்

“ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை” என்னும் பழமொழியைக் கேளாத தமிழர் அரியர். ஆயின், அப்பூவை முகர்ந்தவரும் சுவைத்தவரும் இன்று நம்முள் எத்துணைப் பேர்? சொல் நம் நாவில் நிற்க, பொருள் நம் கண்ணை விட்டு அகன்று வருகிறது. அம்மரத்தை விதையிலிருந்து வளர்க்கும் முறையை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

சங்கப் புலவர்கள் இதனை ‘இருப்பை’ என்றனர். குட்டி ஈன்ற கரடிகள் தின்றது போக எஞ்சிய இருப்பைப் பூக்களை மலைவாழ் மகளிர் மூங்கிற் குழாய்களில் தொகுத்து, சிற்றூரின் தெருத்தோறும் கொண்டு திரியும் காட்சியை அகநானூற்றுப் பாலைப் பாட்டொன்று காட்டுகிறது. காட்டுப் பூவொன்றை உணவாகக் கொண்ட வழக்கம் இம்மண்ணில் எத்துணைத் தொன்மையானது என்பதற்கு இதுவே சான்றாகும்.

மாசி முதல் சித்திரை வரை, இலையுதிர்ந்த கிளைகளின் நுனியில் இலுப்பை கொத்துக் கொத்தாகப் பூக்கும். வெண்மஞ்சள் நிறமும் சதைப்பற்றும் கனத்த இனிய மணமும் உடைய பூக்கள் இரவில் மலர்ந்து விடியலில் உதிரும். மணத்தை நாடி வரும் வௌவால்கள் மகரந்தச் சேர்க்கைக்குத் துணை செய்கின்றன. உலர்ந்த பூவின் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரையே. உதிர்ந்த பூக்களைக் காலையில் பொறுக்கி, உள்ளிருக்கும் மகரந்தத் தாள்களை நீக்கிக் கழுவி, வெயிலில் காயவைத்து, வறுத்த எள்ளுடன் இடித்து உண்பர்.

இனி, விதையைக் காண்போம். ஆனி முதல் ஆவணி வரை பழங்கள் கனிந்து விழும். நெல்லையும் உளுந்தையும் போல இலுப்பை விதையைச் சேமித்து வைத்து மறு ஆண்டு விதைத்தல் இயலாது. ஈரமும் எண்ணெயும் மிக்க இவ்விதை நன்கு உலர்ந்தால் உள்ளிருக்கும் கரு மடிந்துவிடும். சில வாரங்களிலேயே முளைப்புத் திறன் போய்விடும். பலர் விதைத்தும் முளைக்காமல் போவதற்குக் காரணம் இதுவே.

ஆகவே, பழம் விழுந்த அன்றே சதையை நீக்கிக் கழுவி, விதையை நிழலில் ஈரம் துவட்டி, ஓரிரு நாள்களில் விதைத்தல் நலம். ஓரிரவு நீரில் ஊறவைக்கலாம். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் கலந்த ஆழமான பையில் விதையைப் படுக்கை வாட்டில் இட்டு, விரற்கடை அளவு மண்ணால் மூடி, இலேசான நிழலில் ஈரம் காய்ந்துவிடாமல் பேண வேண்டும். பத்து நாள் முதல் ஒரு மாதத்திற்குள் முளை வெளிப்படும். ஆணிவேர் விரைந்து இறங்குமாதலின், அது பையைத் துளைத்துத் தரையில் ஊன்றாதபடி அவ்வப்போது பையை இடம் மாற்றுதல் வேண்டும்.

அடுத்த மழைக்காலத்தில் ஒன்றரை அடிக் குழியில் வேர் முறியாமல் நட்டு, ஆடு மாடு மேயாதபடி முள்வேலி இட்டு, முதல் இரண்டு கோடைகளில் நீர் ஊற்றினால் போதும். பின்னர் மரம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். மரங்களுக்கிடையே இருபத்தைந்து அடியேனும் இடைவெளி வேண்டும்.

பூவைக் காணப் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். இன்று விதைக்கும் மாணவர் பட்டம் பெற்றுச் சென்ற பின்னரே மரம் பூக்கும்; அதன் இனிமையை நுகர்வோர் அவர் முகமறியாத வேறு மாணவராக இருப்பர். மின்விளக்கு வந்தபின் விளக்கெரிக்க இலுப்பெண்ணெய் தேடுவாரும் குறைந்தனர். மரத்தின் பெயரை ஏட்டில் காத்துவிட்டோம். அதன் விதையையோ எந்தக் களஞ்சியத்திலும் காக்க இயலாது. மண்ணில்தான் காக்க முடியும். நம்மூரில் எஞ்சி நிற்கும் இலுப்பை எது என்பதை முதியோரிடம் கேட்டறிந்து, வரும் ஆடியில் அதன் நிழலுக்கு ஒருமுறை சென்று வருவோம்.