புழுக்கத்துக்கு ஓர் அறை

கத்திரி வெயில் காலத்தில் கருவடிக்குப்பத்துப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பகலைக்கூடச் சமாளித்துவிடலாம், ராத்திரிதான் கொடுமை என்பார்கள். கடற்காற்று நின்று, மின்சாரமும் போய்விட்டால், வெறும் 32 டிகிரியிலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். சித்தானந்த சுவாமி கோயில் பக்கத்துத் திண்ணைகளில் ஆளுக்கொரு விசிறி ஆடும். இந்தப் புழுக்கத்தை விறகு வைத்து எரித்து, தனி அறை கட்டி உண்டாக்கிக்கொள்ளும் மக்களும் உலகத்தில் இருக்கிறார்கள். பின்லாந்துக்காரர்கள்தான் அவர்கள்!

அந்த அறையின் பெயர் சவுனா. நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 55 லட்சம். சவுனாக்கள் சுமார் 30 லட்சம். நாடாளுமன்றக் கட்டடத்திலும் ஒன்று உண்டு. 2020இல் யுனெஸ்கோ இந்தப் பழக்கத்தை மரபுப் பட்டியலில் சேர்த்தது.

உள்ளே போய்ப் பார்ப்போம். நான்கு புறமும் மரச்சுவர். ஒரு மூலையில் அடுப்பு, அதன்மேல் கருங்கற்கள். உட்காரப் படிப்படியாக மரப்பலகைகள். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்குக் கீழ்ப்பலகைதான். மேல்பலகையில் 80, 90 டிகிரி சாதாரணம். பலகையில் உட்காரலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் அதில் ஆணியின் தலை நீட்டிக்கொண்டிருந்தால் தொலைந்தீர்கள்! இரண்டும் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன. மரம் தன் வெப்பத்தை மெதுவாகத் தரும்; இரும்பு சட்டென்று தந்துவிடும். காற்று மரத்தைவிடவும் மந்தம். 90 டிகிரித் தண்ணீரில் விரல் வெந்துபோகும், 90 டிகிரிக் காற்றில் பிழைத்துக்கொள்ளும்.

இதை லண்டனில் சிலர் 1774இலேயே சோதித்தார்கள். சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர், சூடேற்றிய அறையில் 127 டிகிரியில் எட்டு நிமிடம் நின்றார். அந்தச் சோதனைகளில் முட்டை வெந்தது, இறைச்சி வெந்தது. கூடைக்குள் வைத்துக் கொண்டுபோன நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. (கூடை எதற்கு? தரை பாதத்தைச் சுடாமலிருக்க.) பிளாக்டனும் நலமாக வெளியே வந்தார்.

அவரைக் காப்பாற்றியது வியர்வை. மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே வழிதான். வியர்வை ஆவியாகும்போது உடம்பின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கொஞ்சநஞ்ச வெப்பமல்ல. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பத்தில், 30 டிகிரியில் இருக்கும் எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

இப்போது வேடிக்கை. ஒருவர் கரண்டியில் தண்ணீர் மொண்டு கற்களின்மேல் ஊற்றுகிறார். "ஸ்ஸ்ஸ்!" சுவரில் மாட்டிய வெப்பமானி பெரிதாக அசைவதில்லை. ஆனால் காதுமடல் சுரீரென்கிறது, எல்லாரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நீராவிக்கு நம் தோல் குளிர்ந்த இடம். அதில் பட்டதும் ஆவி நீராகி, சுமந்து வந்த வெப்பத்தை நம்மேல் கொட்டிவிடுகிறது. அந்த நேரத்தில் கையில் முத்து முத்தாய் நிற்பதில் ஒரு பங்கு வியர்வையே அல்ல, அறையின் நீராவி! காற்றில் ஈரம் நிறைந்துவிட்டதால் வியர்வையும் ஆவியாக முடியாது. இந்த ஆவிக்கு அவர்கள் 'லொய்லு' என்கிறார்கள். இதில் வியர்வை ஆவியாகாத பங்கு நமக்குப் புழுக்கத்தில் சும்மாவே கிடைக்கிறது!

சில நிமிடம்தான். பிறகு வெளியே ஓடி, பனியில் புரள்வதும் ஏரியில் குதிப்பதும் உண்டு. பெரியவர்கள் துணையில்லாமல் பிள்ளைகள் உள்ளே போவதில்லை.

முன்பெல்லாம் பின்லாந்துக் கிராமங்களில் குழந்தைகள் பிறந்ததே சவுனாவில்தான். வெதுவெதுப்பு, வெந்நீர், சுத்தம் மூன்றும் அங்கே கிடைத்தன. அவர்களுடைய காவியமான கலேவலாவில் வைனாமொயினன் என்ற கிழவர் சவுனாவைச் சூடாக்கித்தான் ஊராரின் நோயைத் தீர்க்கிறார். பின்லாந்தில் வாழ்ந்த ஈழத்தமிழர் உதயணன் அதைத் தமிழாக்கினார். நூல் 1994இல் வந்தது. நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் ஊர்க் காற்றின் ஈரத்தையும் அளக்கலாம். பள்ளி ஆய்வகத்தில் சுவரில் மாட்டும் வெப்பமானி இரண்டு கேளுங்கள். காய்ச்சல் பார்க்கிற கருவி இதற்கு ஆகாது. ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, இரண்டையும் நிழலில் தொங்கவிட்டு விசிறுங்கள். ஐப்பசி மழைநாளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டும். மேல்காற்று வீசும் மே மாத மதியத்தில் ஈரத்துணி எத்தனை டிகிரி கீழே இறங்குகிறது என்று நோட்டில் குறித்துவையுங்கள்.