பழைய காரின் மங்கிய முன்விளக்குகள்

கிராமத்து வீதிகளில் இரவில் கார் ஓட்டுபவருக்கு முன்விளக்கே கண். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் தூரம் செல்கிறது. விளக்கில்லாத சைக்கிளையோ, வீதியிற் படுத்திருக்கும் மாட்டையோ, ஓரமாக நடந்து செல்லும் முதியவரையோ உரிய தூரத்திற் காணாவிட்டால், பிறேக் நன்றாக இருந்தும் பயனில்லை.

மொறிஸ் மைனர், ஓஸ்ரின் ஏ40 போன்ற பழைய கார்களை வைத்திருப்போர் பலர், விளக்கு மங்கினால் உடனே 100 வாற்ஸ் பல்ப் வாங்கிப் போடுகின்றனர். இது நல்ல வழியன்று. கூடிய மின்னோட்டத்தால் பழைய வயரும் சுவிச்சும் சூடேறி உருகலாம், தீயும் பற்றலாம். பெரும்பாலும் குறை பல்ப்பில் இல்லை. பற்றரியிலிருந்து பல்ப்புக்கு வரும் வழியிலேயே உள்ளது.

தோட்டத்துக்கு நீர் இறைக்கும்போது வாய்க்கால் பல இடங்களில் உடைந்திருந்தால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேராது. மின்சாரமும் அப்படியே. இக்கார்களில் முன்விளக்குக்கான மின்னோட்டம் முழுவதும் மெல்லிய வயர்கள், லைற் சுவிச், காலால் மிதிக்கும் டிம் சுவிச் ஆகியவற்றின் ஊடாகச் சென்றே பல்ப்பை அடைகிறது. கறள் பிடித்த ஒவ்வொரு இணைப்பிலும் சிறிது வோல்ற் இழக்கப்படுகிறது. வோல்ற் 10 வீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 வீதம் குறையும். 20 வீதம் குறைந்தால் பாதிக்கு மேற் போய்விடும்.

குறையைக் கண்டறிதல்

என்ஜின் மெதுவாக ஓடும்போது மட்டும் விளக்கு மங்கி, வேகம் கூட்டியதும் பிரகாசித்தால், டைனமோவையும் பற்றரியையும் கவனிக்க வேண்டும். வேகம் கூட்டியும் மங்கலாகவே இருந்தால் வயரிங்கைச் சோதிக்க வேண்டும். விளக்கை எரியவிட்டு, மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எர்த் அல்லாத முனையிலும், மற்றதை எரியும் பல்ப்பின் மின்வரும் முனையிலும் வைக்குக. அரை வோல்ற்றுக்கு மேற் காட்டினால் வழியில் இழப்பு உண்டு. பின்னர் பல்ப்பின் எர்த் முனைக்கும் பற்றரியின் எர்த் முனைக்கும் இடையிலும் இவ்வாறே பார்க்குக.

திருத்தும் முறை

முதலில் செலவில்லாத வேலை. பற்றரியின் எர்த் முனையைக் கழற்றிவிட்டு, பற்றரி முனைகளையும் எல்லா இணைப்புகளையும் அரத்தாளால் தேய்த்துச் சுத்தஞ் செய்க. எர்த் வயர் காரின் உடலைத் தொடும் இடத்தில் பெயின்றையும் கறளையும் சுரண்டி இறுக்குக. அநேகமான கார்களில் இதுவே போதும்.

போதாவிட்டால் இரண்டு றிலே பொருத்தலாம். ஒன்று டிம்முக்கு, மற்றது பிறைற்றுக்கு. பற்றரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து தடித்த வயரை, பற்றரிக்கு அருகிலேயே ஒவ்வொரு றிலேக்கும் ஒரு 15 அம்பியர் பியூஸ் வைத்து, 30ஆம் இலக்க முனைக்குக் கொண்டுவருக. 87ஆம் முனையிலிருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் பல்ப்புகளுக்குச் செல்லட்டும். முன்பு பல்ப்புக்குச் சென்ற பழைய வயரை 86இலும், எர்த்தை 85இலும் இணைக்குக. அதன் பின் பழைய சுவிச் றிலேயை இயக்குவதற்கான சிறு மின்னோட்டத்தை மட்டுமே தாங்கும். பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே எர்த் என்பதை மறக்கக் கூடாது. டயோட் இல்லாத சாதாரண றிலேயே இவற்றுக்கு ஏற்றது.

பல்ப்புக்குப் பின்னாலுள்ள மினுங்கும் கிண்ணம் கறுத்திருந்தால் தேய்த்துத் துலக்க முயல வேண்டாம், பூச்சு கழன்றுவிடும். விளக்கையே மாற்ற வேண்டும். மாற்றும்போது இடதுபக்கம் ஓட்டும் நாடுகளுக்குரிய கண்ணாடியா எனக் கேட்டு வாங்குக. மற்றது எதிரே வருபவரின் கண்ணுக்கே ஒளியை வீசும்.

ஒளியைச் சரிப்படுத்தல்

சமதரையில், சுவரிலிருந்து 25 அடி தூரத்தில் காரை நிறுத்தி, விளக்கின் நடுப்பகுதியின் உயரத்தைச் சுவரில் அடையாளமிடுக. டிம் ஒளியின் மேல்விளிம்பு அதற்கு ஏறத்தாழ 3 அங்குலம் கீழே விழ வேண்டும். ஓட்டுபவர் ஆசனத்தில் ஒருவரை இருத்திப் பார்ப்பது நல்லது. விளக்கு நன்றாக எரிந்தாலும் ஒளி உயர்ந்து நின்றால், எதிரே சைக்கிளில் வருபவர் வீதியைக் காணாது தடுமாறுவார். ஆகவே இதையும் செய்து முடித்த பின்னரே காரை இரவில் வீதிக்கு எடுக்க வேண்டும்.