பெல்ட் மாற்றியதும் கார் ஸ்டார்ட் ஆகலையா? தள்ளி ஸ்டார்ட் பண்ணாதீங்க... உஷார்!

வேலூர்:

தோலுக்கும் ஷூவுக்கும் பேர் போன ஊர் ஆம்பூர். இடுப்பில் கட்டும் தோல் பெல்ட்டை ஒரு ஓட்டை தள்ளி மாட்டினால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனா கார் என்ஜினில் ஓடும் ரப்பர் பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால் தலைவலிதான். டேங்கில் பெட்ரோல் இருக்கும். பேட்டரி நன்றாக இருக்கும். செல்ப் அடித்தால் சுத்தும். வண்டி மட்டும் கிளம்பாது!

"காலையில ஓட்டிட்டு வந்து விட்ட வண்டி. பெல்ட் மாத்தினதும் ஸ்டார்ட் ஆகலே" என்று ஒர்க்‌ஷாப்பில் சண்டை வருவது இதனால்தான்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக சென்னை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை போகிறது. இதே சாலையோரம் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் தயாராக ஆரம்பித்த பழைய சான்ட்ரோ, அதற்கு முந்தைய மாருதி 800 போன்ற கார்களில் இருப்பது டைமிங் பெல்ட். செகண்ட் ஹேண்டில் கார் வாங்குகிறவர்கள் இதை தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. சில மாடல்களில் பெல்ட்டுக்கு பதில் செயின் இருக்கும்.

பெல்ட்டின் வேலை என்ன?

என்ஜினின் கீழே கிராங்க் ஷாப்ட், மேலே கேம் ஷாப்ட். கிராங்க் பிஸ்டனோடு சேர்ந்து சுத்தும். கேம் வால்வுகளை திறக்கும். கிராங்க் 2 சுற்று சுத்தினால் கேம் 1 சுற்று சுத்த வேண்டும். இந்தக் கணக்கை கட்டிக் காப்பது டைமிங் பெல்ட்.

கிராங்க் பல்சக்கரத்தில் 20 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல் தள்ளினால் கிராங்க் 18 டிகிரி மாறிவிடும். வால்வு திறக்கும் நேரமும் மாறிப்போகும். வண்டி லேசில் ஸ்டார்ட் ஆகாது. ஆனாலும் இழுவை இருக்காது. அதிகமாக தள்ளிவிட்டால் பல என்ஜின்களில் பிஸ்டன் மேலே வந்து வால்வில் இடிக்கும். வால்வு வளைந்தால் ஹெட்டை இறக்க வேண்டியதுதான். பெல்ட் செலவைப் போல பல மடங்கு செலவு!

நம்ம ஊர் பழக்கம் ஆபத்து

ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் நாலு பேரைக் கூப்பிட்டு தள்ளச் சொல்வது நம்ம ஊர் வழக்கம். பேட்டரி வீக் என்றால் அது சரி. பெல்ட் மாற்றிய வண்டியில் அது கூடவே கூடாது. விடாமல் செல்ப் அடிப்பதும் தப்பு. வளையாத வால்வும் வளைந்துவிடும்.

எப்படி கண்டுபிடிப்பது?

முதலில் சத்தம். நல்ல என்ஜினில் செல்ப் அடித்தால் "குர்... குர்... குர்" என்று விட்டு விட்டு கேட்கும். தடையே இல்லாமல் "விர்ர்" என்று வேகமாக சுத்தினால் கம்ப்ரஷன் இல்லை என்று சந்தேகப்படலாம். அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

சத்தம் சரியாக இருந்தால் அடுத்து வயர். பெல்ட் வேலைக்காக கழற்றிய சென்சார் கனெக்டர், எர்த் வயரை திரும்ப மாட்ட மறந்திருக்கலாம். சில நேரம் கோளாறு அவ்வளவுதான்!

அதுவும் சரி என்றால் மார்க் பார்க்க வேண்டும். கிராங்க் மார்க்கை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். கேம் ஒரு முறை சுத்துவதற்குள் கிராங்க் மார்க் 2 முறை நேருக்கு வந்துவிடும். அதனால் ஸ்பேனர் போட்டு, என்ஜின் சுத்தும் திசையிலேயே கையால் 2 முழு சுற்று சுத்தி, இரண்டு மார்க்கும் சேர்ந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் இடித்தால் பலம் கொடுக்கவே கூடாது. பெல்ட்டில் ஓடும் டீசல் பம்ப் உள்ள வண்டியில் பம்ப் மார்க்கும் நேராக வர வேண்டும்.

மார்க் சரி, வண்டி ஓடாது!

மெக்கானிக்கையே குழப்பும் கோளாறும் ஒன்று உண்டு. எல்லா மார்க்கும் நேராக இருக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகாது. காரணம், கிராங்க் பல்சக்கரத்தை ஷாப்டோடு பிடித்து வைக்கும் சின்ன "கீ". புல்லி போல்ட்டை சரியாக முறுக்காவிட்டால் அந்த கீ வெட்டுப்பட்டுவிடும். பல்சக்கரம் ஒரு பக்கம், ஷாப்ட் ஒரு பக்கம். மார்க் பொய் சொல்லும்.

பெட்ரோல் வண்டியில் முதல் சிலிண்டர் பிளக்கை கழற்றி, பிஸ்டன் உண்மையிலேயே மேலே நிற்கிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கடைசியாக கம்ப்ரஷன் மீட்டர். எல்லா சிலிண்டரிலும் ஒரே மாதிரி குறைவு என்றால் பெரும்பாலும் டைமிங் தள்ளியிருக்கும். ஒன்றிரண்டில் மட்டும் குறைவு என்றால் வால்வு வளைந்திருக்கலாம். எல்லாம் சரி என்றால் பெட்ரோல், கரண்ட் பக்கம் தேட வேண்டும். இந்த சோதனை முடியாமல் ஹெட்டை இறக்க சம்மதிக்காதீர்கள்.

நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. பெல்ட் மாற்றிய வண்டியை எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, கையால 2 சுற்று சுத்திப் பார்த்தீங்களா?"