நாயும் பூனையும் ஒரே வீட்டில்

நாய் வளர்க்கும் வீட்டுக்கு ஒரு பூனை வந்து சேர்ந்தால் எல்லோருடைய கண்ணும் நாயின் மேல்தான் இருக்கும். குரைக்கிறதா, பாய்கிறதா, கடித்துவிடுமா என்று கழுத்துப்பட்டையைப் பிடித்தபடியே நிற்பார்கள். நாலு நாளில் நாய் அடங்கிவிடும். பூனை பிரிட்ஜின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். "அப்பாடா, ரெண்டும் பழகிடுச்சு" என்று வீட்டார் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்தப் பூனை காலையிலிருந்து கீழே இறங்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, மணல் தட்டுப் பக்கம் போகவில்லை என்பது பெரும்பாலும் யார் கண்ணிலும் படாது.

பிரிட்டனில் உள்ள லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தைத்தான் தொடுகிறது. நாயையும் பூனையையும் சேர்த்து வளர்க்கும் 748 பேரிடம் அவர்கள் விவரம் கேட்டார்கள். 80 விழுக்காட்டுக்கும் மேலானோர் இரண்டும் இணக்கமாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒன்றையொன்று சகித்துக்கொள்ளவே முடியாத நிலை 3 விழுக்காடு வீடுகளில்தான் இருந்தது. மிரட்டுவதில் பூனைதான் முந்திக்கொள்கிறது. நாய் பூனையை மிரட்டியதைவிடப் பூனை நாயை மிரட்டியதே அதிகம். உறவு நல்லபடி அமைய நாயின் மனநிலையைவிடப் பூனையின் நிம்மதியே கூடுதலாகக் கைகொடுத்தது என்பது அந்த ஆய்வின் முக்கியமான முடிவு. சிறு வயதிலேயே நாயோடு பழகத் தொடங்கிய பூனைகளிடம் அந்த நிம்மதி அதிகமாகத் தெரிந்தது.

பூனை ஏன் முந்திக்கொண்டு சீறுகிறது? அது வேட்டையாடும் விலங்கு. அதே சமயம் தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையாகக்கூடிய விலங்கும்கூட. வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் தனியாகத் திரிந்து எலி பிடித்த காட்டுப்பூனை. ஆபத்து வந்தால் துணைக்கு வர அதற்குக் கூட்டம் கிடையாது. காயம் பட்டால் வேட்டை நின்று பட்டினிதான். அதனால் கைகலப்புக்கு முன்பே எதிரியை விரட்டிவிட வேண்டும், முடியாவிட்டால் உயரமான இடத்துக்குத் தாவிவிட வேண்டும். சீறலும், முதுகை வளைத்து மயிர் சிலிர்த்து நிற்பதும் "கிட்டே வராதே" என்ற வேண்டுகோள். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு பூனையை அடிப்பவர்கள் அதன் பயத்தைத்தான் கூட்டுகிறார்கள்.

நாயின் கதை வேறு. ஓநாயிலிருந்து வந்த நாய்க்குள் வேட்டை ஒரு தொடராகப் பதிந்திருக்கிறது: இரையைக் கவனிப்பது, உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழித்துத் தின்பது. மனிதர் நாயினங்களை உருவாக்கியபோது இந்தத் தொடரின் ஒரு பகுதியைக் கூட்டியும் இன்னொரு பகுதியைக் குறைத்தும் வளர்த்தார்கள். ஆடு மேய்க்கும் பார்டர் கோலி உற்றுப் பார்க்கும், பதுங்கும், துரத்தும். கவ்வுவதற்கு முன்பே பெரும்பாலும் நின்றுவிடும். பறவை வேட்டைக்கு உருவான லாப்ரடார் சுடப்பட்ட பறவையை நசுக்காமல் தூக்கி வரும். நம் தென் மாவட்டங்களின் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து முயலைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே வளர்க்கப்பட்டவை. 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த ராஜபாளையம் நாயும் வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போனது. குறுக்கே ஓடும் சிறு விலங்கைக் கண்டால் இந்த நாய்களின் கால்கள் தாமாகக் கிளம்பிவிடும். அதில் வஞ்சம் எதுவும் இல்லை. பூனை ஓடினால்தான் துரத்தல் தொடங்குகிறது, துரத்தல் தொடங்கினால் பூனை ஓடாமல் இருக்க முடியாது. இந்த வட்டம் ஒரு முறைகூட முழுதாகச் சுற்றிவிடாமல் காப்பதே வீட்டுக்காரரின் முதல் வேலை.

இயல்பு அவ்வளவு வலுவானது என்றால் பழக்கத்தால் மாற்ற முடியுமா? முடியும் என்பதற்குப் பழைய சான்றுகளே இருக்கின்றன. சீன உளவியலாளர் குவோ 1930-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், எலியைக் கொல்லும் சூழலில் வளர்ந்த 21 பூனைக்குட்டிகளில் 18 எலி கொல்லக் கற்றன. எலிகளோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18 குட்டிகளில் 3 மட்டுமே கொன்றன. விலங்கு நடத்தை ஆய்வாளர் மைக்கேல் ஃபாக்ஸ் 1969-இல் சிவாவா நாய்க்குட்டிகளைத் தனித்தனியே பூனைக்குட்டிகளோடு வளர்த்துப் பார்த்தார். அப்படி வளர்ந்த குட்டிகள் தம் இன நாய்களைவிடப் பூனைகளின் துணையையே நாடின. அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக் காட்சிச்சாலையில் சிவிங்கிப்புலிக் குட்டிக்கு ஒரு நாயைத் துணையாகச் சேர்த்து வளர்க்கிறார்கள். எளிதில் மிரளும் சிவிங்கிப்புலி, பதற்றமில்லாத அந்த நாயைப் பார்த்துத் தானும் தைரியம் கொள்கிறது.

எல்லாவற்றுக்கும் ஒரு வயது உண்டு. நாய்க்குட்டி பிற உயிர்களை உறவாக ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறத்தாழ 3-ஆம் வாரத்திலிருந்து 12 அல்லது 14-ஆம் வாரம் வரை. பூனைக்குட்டிக்கு அது இன்னும் குறுகியது; 2-ஆம் வாரம் தொடங்கி 7-ஆம் வாரத்தோடு பெருமளவு மூடிக்கொள்கிறது. அதற்குப் பிறகும் பழக்கலாம், பொறுமைதான் கூடுதலாகத் தேவை. இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் ஃபாயர்ஸ்டைன், டெர்கெல் ஆகிய இருவர் 2008-இல் வெளியிட்ட ஆய்வும் இளமையிலேயே பழக்குவதன் பலனைக் காட்டியது. பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஒரு வயதுக்குள்ளும் சந்தித்திருந்தால் உறவு நன்றாக அமைந்தது. பூனை முதலில் குடியேறிய வீட்டுக்கு நாய் பின்னால் வந்தால் இன்னும் நல்லது.

அவர்கள் கண்ட இன்னொன்று வியப்பானது. நாயின் உடல்மொழியும் பூனையின் உடல்மொழியும் பல இடங்களில் நேர் எதிரானவை. நாய் வாலை வீசி ஆட்டினால் பெரும்பாலும் உற்சாகம். பூனை வாலைச் சுழற்றி அடித்தால் எரிச்சல். நாய் மல்லாந்து படுத்தால் பணிவாக இருக்கலாம். மிரண்ட பூனை மல்லாந்தால் நான்கு கால் நகங்களும் தயார் என்று அர்த்தம். நாய் முன்காலைத் தூக்குவது விளையாடக் கூப்பிடுவதற்கு, பூனை தூக்குவது அறைவதற்கு. ஆனாலும் சேர்ந்து வாழ்ந்த விலங்குகள் பெரும்பாலும் எதிராளியின் சைகையைச் சரியாகவே புரிந்துகொண்டன. பூனைகள் மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்து வணக்கம் சொல்பவை. அவற்றோடு வாழ்ந்த நாய்கள் அதையும் கற்றுக்கொண்டன.

மனிதரும் இந்தச் சைகைகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். குதித்துக் குதித்துக் குரைக்கும் நாயைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். அதைவிட அஞ்ச வேண்டியது சத்தமே போடாத நாய்: வாயை மூடி, உடம்பை விறைத்து, தலையைத் தாழ்த்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாமல் பூனையையே வெறிக்கும் நாய். அது வேட்டைத் தொடரின் இரண்டாம் படியில் நிற்கிறது.

சரி, புதுப் பூனையை எப்படிக் கொண்டுவருவது? முதல் நாளே வாசலில் வைத்து இரண்டையும் முகத்துக்கு முகம் காட்டுவது நம் வீடுகளில் வழக்கமாக நடக்கும் தவறு. பூனைக்கென்று ஓர் அறை வேண்டும். சிறிய அடுக்ககம் என்றால் படுக்கையறை போதும். அங்கே தண்ணீர், சாப்பாடு, மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. பயந்த பூனை பால்கனியிலிருந்து குதித்துவிடக்கூடும் என்பதால் வலை கட்டாத பால்கனிக் கதவைப் பூட்டியே வைக்க வேண்டும். கதவின் இருபுறமும் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலே சில நாட்கள் வாழட்டும்.

இந்த நாட்களில் பேச்சுவார்த்தை முழுவதும் மூக்கு வழியாக நடக்கும். நாய் படுத்த பழைய துண்டைப் பூனையின் அறையில் போடலாம், பூனையின் கன்னத்தில் தேய்த்த துணியை நாயின் படுக்கையருகே வைக்கலாம். பூனைகள் தம் கன்னச் சுரப்பிகளின் மணத்தைத் தேய்த்துத்தான் இடத்தைத் தமதாக்கிக்கொள்கின்றன. மூடிய கதவுக்கு இரு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வைத்தால், அந்தப் பக்கத்து வாசனை வந்தாலே நல்லது நடக்கிறது என்று இரண்டும் கற்கும். கிண்ணங்களைக் கதவுக்கு நெருக்கமாக நகர்த்தும் வேகத்தைப் பூனைதான் தீர்மானிக்க வேண்டும். அது சாப்பிடாமல் விலகினால் கிண்ணம் பின்னுக்குப் போகட்டும்.

அடுத்தது பார்வை. குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவோ, கம்பிக் கதவோ நடுவில் இருக்கட்டும். நாயை நன்றாக நடக்க வைத்துக் களைப்பாக்கிக் கயிற்றில் கூட்டிவர வேண்டும். அது பூனையைப் பார்த்துவிட்டு வளர்ப்பவரின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு வேகவைத்த கோழி. சில நிமிடங்கள் போதும்; நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பிறகு ஒரே அறையில், நாய் கயிற்றோடு, பூனை எந்தக் கட்டும் இல்லாமல். பூனையைக் கையில் தூக்கி நாயின் முகத்தருகே காட்டக் கூடாது. அந்தக் கையில்தான் முதல் கீறல் விழும். சில வீடுகளில் இரண்டு வாரத்தில் முடியும் இந்த வேலைக்கு இன்னொரு வீட்டில் சில மாதங்கள்கூட ஆகலாம்.

நாயை அடிப்பதும், சங்கிலியைச் சுண்டி இழுப்பதும், மின்னதிர்ச்சி தரும் பட்டையைக் கட்டுவதும் எதிர்விளைவையே தரும். பூனையைப் பார்க்கும்போதெல்லாம் வலி வருகிறது என்று நாய் கணக்கு வைத்துக்கொள்ளும். நம் ஊரில் பகல் முழுவதும் வாசலில் கட்டிக்கிடக்கும் நாய்க்கும் இதேதான் நடக்கிறது. மதில்மேல் நடக்கும் பூனையை நோக்கிப் பாய்கிறது, கழுத்து நெரிபடுகிறது, மறுநாளும் அதே. சங்கிலி எட்டும் தூரத்தைப் பூனை கற்றுக்கொண்டு அதற்கு வெளியே அமைதியாக நடக்கப் பழகுகிறது. ராத்திரி காவலுக்காக அவிழ்த்துவிடும்போது அந்தக் கணக்கு பொய்யாகிறது. நாயை நாளெல்லாம் கட்டிப்போடுவது நாய்க்கும் கேடு, பூனைக்கும் கேடு.

வீட்டின் அமைப்பைப் பூனையின் உயரத்திலிருந்து யோசிக்க வேண்டும். பரண், அலமாரியின் மேல்தட்டு, சுவரில் அடித்த இரண்டு பலகைகள் என நாய்க்கு எட்டாத ஒரு வழி அறைக்கு அறை இருந்தால், தரையைத் தொடாமலே பூனை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகும். அதன் சாப்பாடும் உயரத்திலேயே இருக்கட்டும். இதில் உடல்நலக் காரணமும் உண்டு. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடலால் போதிய அளவு தயாரித்துக்கொள்ள முடியாது; அது குறைந்தால் இதயத் தசை பலவீனமடையும் என்பதைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் பியான் குழுவினர் 1987-இல் நிறுவினார்கள். நாய் உணவையே தின்று வளரும் பூனைக்கு அந்த ஆபத்து இருக்கிறது. மணல் தட்டை நாய் நுழைய முடியாத இடத்தில், ஆனால் பூனை முட்டுச்சந்தில் மாட்டிக்கொள்ளாதபடி வைக்க வேண்டும். பூனையின் மலத்தைத் தின்னும் நாய்கள் உண்டு, அங்கேயே காத்திருந்து வழிமறிக்கும் நாய்களும் உண்டு.

வழிமறிக்கப்பட்ட பூனை சிறுநீரை அடக்கும். தொடர்ந்த மன அழுத்தத்தால் பூனைகளுக்குச் சிறுநீர்ப்பை அழற்சி வருவதைக் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். ஆண் பூனைகளில் அது சிறுநீர்க் குழாயையே அடைத்துவிடலாம். முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வராத ஆண் பூனையை அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

சண்டையைவிடச் சத்தமில்லாமல் கொல்வது ஒன்று இருக்கிறது: உண்ணி மருந்து. நாய்களுக்குப் பூசும் சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். நாய் தாங்கும் அந்த மருந்தைப் பூனையின் கல்லீரலால் முறித்து வெளியேற்ற முடியாது. மருந்து பூசிய நாயோடு ஒட்டிப் படுத்தாலோ அதை நக்கினாலோ பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வந்து இறக்க நேரிடும். நாயைக் குளிப்பாட்டப் பயன்படும் அமிட்ராஸும் பூனைக்கு நஞ்சு. மருந்து வாங்கும்போதே "வீட்டில் பூனையும் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள்.

சண்டை மூண்டேவிட்டால் இடையில் கையை விடாதீர்கள். கனத்த போர்வையை வீசலாம், நாற்காலியையோ பெரிய அட்டையையோ நடுவில் நுழைக்கலாம், தண்ணீரை ஊற்றலாம். விலகிய உடனே சமாதானம் செய்து வைக்க முயலாமல் தனித்தனி அறையில் அடைத்து, பழக்கத்தை முதல் படியிலிருந்து தொடங்குங்கள். பூனையின் பல் ஊசி போல ஆழமாக இறங்குவதால் வெளியே சின்னப் புள்ளியாகத் தெரியும் காயம் உள்ளே சீழ் பிடிக்கும். மனிதருக்குக் கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநோய் நாயிடமிருந்து மட்டும்தான் வரும் என்று நினைப்பது ஆபத்து, பூனையிடமிருந்தும் வரும். இரண்டுக்கும் தடுப்பூசி கட்டாயம்.

இவ்வளவு செய்தும் சில இணைகள் சேராது. ஏற்கெனவே பூனையைக் கொன்று பழகிய நாயை, பயிற்சி கொடுத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் பூனையோடு தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. அப்படிப்பட்ட வீட்டில் இரண்டையும் நிரந்தரமாகத் தனித்தனி அறைகளில் வளர்க்க வேண்டும், அல்லது ஒன்றுக்கு வேறு நல்ல வீடு தேடித் தர வேண்டும். மற்ற வீடுகளிலும் முதல் சில மாதங்கள் ஆள் இல்லாத நேரத்தில் நடுவில் ஒரு கதவு மூடியே இருக்கட்டும். காப்பகத்திலிருந்து எடுத்து வருபவர்கள் அந்த நாய் இதற்கு முன் பூனையோடு இருந்ததா, அந்தப் பூனை நாயைப் பார்த்திருக்கிறதா என்று கேட்டு எடுங்கள். கொண்டுவருவதற்கு முந்தைய நாளே பூனைக்கென்று ஓர் அறையை ஒழித்து, சுவரில் ஒரு பலகையாவது அடித்து வையுங்கள்.