பழைய மிதிவண்டியை அறிதலும் பெறுதலும்



நம் ஊர் வீடுகளில், கொட்டகையின் மூலையில் சுவரோடு சாய்ந்து நிற்கும் கறுப்பு மிதிவண்டி பெரும்பாலும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்கு எடை போய்ச் சேருகின்றது. அதை ஓட்டிய தந்தையார் காலமாகியிருப்பார். பிள்ளைகள் தில்லியிலோ, மும்பையிலோ, கொல்கத்தாவிலோ உத்தியோகத்தில் இருப்பார்கள். அதே வண்டியைப் பன்மடங்கு விலை கொடுத்தேனும் பெறவேண்டுமென்று இந்நகரங்களிலேயே சிலர் தேடிக்கொண்டிருக்கின்றனர். வண்டி இன்னதென்று அடையாளம் காணும் முறையைச் சிறிது அறிந்திருந்தால், விற்பவரும் ஏமாறமாட்டார், வாங்குபவரும் ஏமாறமாட்டார்.

இந்தியச் சாலைகளில் ஓடிய பழைய வண்டிகள் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்தவை. விடுதலைக்குப்பின் இங்கேயே தொழிற்சாலைகள் எழுந்தன. சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1951ஆம் ஆண்டு முதல் ஹெர்குலிஸ் வண்டிகள் உருவாயின. வங்காளத்தின் ஆசன்சாலில் சென்-ராலே தொழிற்சாலை 1950களின் தொடக்கத்தில் ஏற்பட்டது. அது இப்போது இல்லை. ஆகவே முகப்புத் தகட்டில் ஆங்கிலப் பெயர் இருப்பதால் மட்டும் வண்டி கடல் கடந்து வந்ததாகிவிடாது. ‘சீமை வண்டி’ என்று சொல்லி விலையை ஏற்றுவோர் உண்டு. அம்பத்தூர் வண்டியை இரண்டாந்தரமாக எண்ணுவதும் எனக்கு உடன்பாடன்று. பாலும் தபாலும் சுமந்து அரை நூற்றாண்டு உழைத்த வண்டிகள் அவற்றில் எத்தனையோ!

தகட்டைக் கழற்றி மாட்டலாம். பெயர்ப்படத்தைப் புதிதாக ஒட்டலாம். எனவே முதலிற் பார்க்கவேண்டியது பெடலோடு சுழலும் பெரிய பல்சக்கரத்தை. அதன் நடுவே வெட்டப்பட்டிருக்கும் உருவமே வண்டியின் குலச்சின்னம். நாட்டிங்காமில் செய்த ராலே வண்டியில் நாரையின் தலையைக் காணலாம். ரட்ஜ் வண்டியில் விரித்த கை இருக்கும்; ஹம்பரில் ஐந்து மனித உருவங்கள் நிற்கும். பி.எஸ்.ஏ. தன் மூன்றெழுத்துக்களையே வெட்டிக்கொண்டது. அந்நிறுவனம் துப்பாக்கி செய்து தொடங்கியது. அதனால்தான் அதன் சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள் சாய்ந்து நிற்கின்றன. ஹம்பருக்கு மற்றோர் அடையாளமும் உண்டு: முன்சக்கரத்தைப் பற்றும் ஃபோர்க்கின் ஒவ்வொரு காலும் இரட்டைக் குழாயாக அமைந்திருக்கும். ஆனால் 1932இல் ஹம்பரும், 1943இல் ரட்ஜும், 1957இல் பி.எஸ்.ஏ. மிதிவண்டியும் ராலே நிறுவனத்தின் வசமாயின. ஆகையால் பிற்காலத்து வண்டிகளில் சின்னம் வேறாயினும் பிறப்பிடம் ஒன்றாயிருக்கக் கூடும்.

வயதை அறிவதற்குப் பின்சக்கரத்தின் நடுக்கூடு உதவும். ஸ்டர்மி-ஆர்ச்சர் என்னும் மூன்று கியர் ஹப் உள்ள வண்டியாயின், அழுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். 1950களின் ஹப்பில் ‘56 3’ என்று பொறித்திருந்தால் அது 1956ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தது. சக்கரம் பின்னால் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதையும் மறக்கலாகாது. அவ்வெண் ஹப்பின் வயதையே கூறும், வண்டியின் வயதையன்று. நம் நாட்டில் ஒற்றைக் கியர் வண்டியே மிகுதியாதலால் இத்தகைய ஹப் கிடைப்பது அரிது. ஹப்பின் மேலுள்ள சிறு துளையில் எண்ணெய் விடாமல் பாழாக்கப்பட்டவையும் பல.

பின்னர் உடற்குழாய்களைச் சோதிக்கவேண்டும். பின்சக்கர அச்சு பொருந்தும் ஒரு புறத்திலிருந்து நூலைக் கட்டி, ஹாண்டில்பாரைத் தாங்கும் முன்குழாயைச் சுற்றி, மறுபுற அச்சிடத்திற்குக் கொண்டுவந்து இறுகக் கட்டுங்கள். நூலுக்கும் இருக்கைக் குழாய்க்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாயிருந்தால் சட்டம் நேரானது. முன்குழாயை ஒட்டிய இடத்தில் வர்ணம் சுருங்கி வெடித்திருந்தால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது என்று கொள்க. புதிய வர்ணம் பளபளப்பதைக் கண்டு மயங்கவேண்டாம். அதன் அடியில் என்ன இருக்கிறதென்று யாரறிவார்? பழைய வர்ணமும் அதன்மேற் கையால் இழுத்த பொன்னிறக் கோடும் பாதி அழிந்திருந்தாலும் அப்படியே விடுவதே நன்று.

எங்கே தேடுவது? தில்லியில் ஜண்டேவாலான் மிதிவண்டிக் கடைத்தெரு புகழ்பெற்றது. அங்கே புதியனவே மிகுதி. மரத்தடியில் பஞ்சர் ஒட்டும் முதியவரை அணுகினால், எந்த வீட்டில் எந்த வண்டி முடங்கிக் கிடக்கிறதென்று அவர் சொல்லுவார். அவருடைய மொழியையும் சிறிது பழகிக்கொள்ளவேண்டும். ஃபோர்க்கைச் ‘சிம்டா’ என்பார். இருக்கையை அவர் சொல்லும் இந்திச் சொல்லைத் தமிழில் எழுதினால் ‘கத்தி’ என்றாகும். அலுவலகக் கோப்பில் அவ்விதம் எழுத நேர்ந்தால் விளக்கக் குறிப்பும் சேர்க்கவேண்டியிருக்கும்!

உதிரிப் பாகங்களுக்கு நிலையான விலை இல்லாமையால் ஆர்வலர்கள் பணத்தைவிடப் பண்டமாற்றையே விரும்புகின்றனர். ஒருவரிடம் நாரைச் சக்கரம் மிகுதியாயிருக்கும். மற்றவரிடம் பழுதற்ற புரூக்ஸ் தோலிருக்கை இருக்கும். மாற்றிக்கொள்ளுமுன் அளவைக் கேளுங்கள். நாட்டிங்காம் ராலேயில் பெடல் அச்சு புகும் கூட்டின் புரி அங்குலத்துக்கு 26. மற்ற ஆங்கில வண்டிகளில் 24. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும், ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தாது. வலிந்து முறுக்கினால் கூடே கெட்டுப்போகும். கீறலையும் துருவையும் மறைக்காத படத்தைக் கைப்பேசியில் அனுப்புவதும், அனுப்புங்கூலி யாருடையதென்று முன்னரே பேசிக்கொள்வதும் பின்னால் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

முழு வண்டியை வாங்கும்போது சட்டத்தில் பொறித்த எண்ணைக் குறித்து, விற்பவரின் கையொப்பத்துடன் சீட்டு வாங்கவேண்டும். திருட்டு வண்டிக்கு நல்ல வரலாறு சொல்லுவோர் உளர். மற்றொன்று: கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் இரும்பு விலைக்கே கொடுக்க முன்வரும்போது, மதிப்பறிந்தவர் வாய் மூடியிருத்தல் வாணிகச் சாமர்த்தியமன்று, அதற்கு வேறு பெயர் உண்டு. நாரைச் சக்கரத்தையும் மூன்று கியர் ஹப்பையும் மட்டும் கழற்றிக்கொண்டு எலும்புக்கூட்டை எறிந்துவிடுபவரையும் நான் நல்ல வாடிக்கையாளராகக் கருதுவதில்லை.

உங்கள் ஊரிலேயே அப்படியொரு வண்டி நின்றால், அடுத்த விடுமுறை வரையில் விற்கவேண்டாமென்று அண்ணனுக்கோ சித்தப்பாவுக்கோ இன்றே சொல்லிவையுங்கள். இரயில் நிலையப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து அதைக் கொண்டுவரலாம். மணி, விளக்கு, காற்றடிக்கும் பம்பு ஆகியவற்றைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாண்டில்பாரைத் திருப்பிச் சட்டத்தோடு இணைத்துக் கட்டி, குழாய்களின்மேல் வைக்கோலோ கோணியோ சுற்றி, முகவரி எழுதிய இரண்டு அட்டைகளை இருவேறிடங்களிற் கட்டுங்கள். ஒன்று அறுந்தாலும் மற்றொன்று வந்து சேரும்.